மூன்றை அழுத்தவும்

தொலைபேசி அடித்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். வெளியே வரவேற்பு மேசையில் மணி அடித்து, அடித்து, யாரும் எடுக்காமல் நின்றுபோனது. பல்வலி மறந்துவிட்டது, யாராக இருக்கும் என்ற கவலைதான் வீடு வரை வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "நிதானமா எழுதுங்கம்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போன பிறகு உங்கள் மேசைத் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாவது முறை எடுத்துவிட்டேன். உங்கள் மனைவி. மகளின் பள்ளி வேலைக்குப் பெரிய வெள்ளைத் தாள் வேண்டுமாம், கோடு போடாதது. அவருக்குத் தலைவலி என்பது குரலிலேயே தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் படுக்கச் சொன்னேன். "நீங்க யாரு பேசறது?" என்று கேட்டார். ஒரு வேலையாக வந்திருக்கிறேன் என்றேன்.

என் வேலை இதுதான். நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி தவறாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். எந்த வரி என்று இப்போதே சொன்னால் சின்ன விஷயத்துக்காக வந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் மன்னியுங்கள். பேசியே பிழைத்தவள் நான்.

என் தங்கை லிஃப்ட் பராமரிக்கும் தொழில் நடத்துகிறாள். நாற்பத்தோரு கட்டடங்கள், மூன்று மெக்கானிக்குகள், ஒரு வேன், ஒரே ஒரு அறை. ஜன்னலோரம் அவள் மேசை. கதவோரம் என் மேசை, அதன்மேல் தொலைபேசி. பதினோரு வருடங்களுக்கு முன்னால், என் கல்யாண வாழ்க்கை ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்ட ஒரு நாளில், அந்தப் பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஏன், என்ன என்று அவள் கேட்கவில்லை. "நல்ல நேரத்துல வந்த அக்கா. ஃபோன் எடுக்க ஆள் இல்லாம தவிச்சிட்டு இருக்கேன். நாளைக்கே வந்து உக்காரு" என்றாள். ஆள் இருந்தது. அந்தப் பெண்ணை வேறு ஒரு அலுவலகத்தில் சேர்த்துவிட்டு எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருக்கிறாள் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என் தங்கை அப்படிப்பட்டவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். அது நேராக எங்கள் எண்ணுக்கு வரும். எந்தக் கட்டடம் என்பது என் மேசையில் இருக்கும் சின்னத் திரையில் தெரியும். மெக்கானிக்கை அனுப்புவது ஒரு நிமிட வேலை. அவர் போய்ச் சேர இருபது, முப்பது நிமிடம் ஆகலாம். அதுவரை உள்ளே இருப்பவரை என்ன செய்வது? இதற்கு எங்கள் நிறுவனத்தில் விதி எதுவும் கிடையாது. நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கதவு திறக்கும் சத்தம் என் காதில் விழும் வரை பேச்சை விட மாட்டேன்.

பயந்தவரிடம் போய்ப் பயப்படாதீர்கள் என்றால் பயம் இரட்டிப்பாகும். நான் அதைச் சொல்வதே இல்லை. "கையில் பை இருக்கிறதா? என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுங்கள்" என்பேன். மனிதர்களுக்குத் தங்கள் பையைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறது. ஒரு வழக்கறிஞரின் பையில் மூன்று சீப்பு இருந்தது. அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை என்று மெக்கானிக் பிறகு சொன்னார். நாற்பத்தோரு கட்டடங்களிலும் என்னைப் பார்த்தவர் அநேகமாக யாருமில்லை. குரலை வைத்து எனக்கு முப்பது வயது, மெலிந்த உடம்பு, நீளமான கூந்தல் என்று நினைத்திருந்தார்கள். நான் மறுத்ததில்லை. நேரில் பார்த்த ஒரே ஒரு வாடிக்கையாளர், "அந்த அக்கா இன்னைக்கு லீவா?" என்று என்னிடமே கேட்டார். ஆமாம், லீவு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர்களில் ஒருவர் கண்டக்டரம்மா. ஏழு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடி. இருபத்தெட்டு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் படி ஏற முடியாது. தனியாக இருந்தார், மகள் வேறு ஊரில். இரண்டு வருடத்தில் மூன்று முறை மாட்டிக்கொண்டார். முதல் முறை என்னை ஒரு பிடி பிடித்தார்.

"எவ்ளோ கூட்டமா இருந்தாலும் பஸ்ல ஜன்னல் இருந்துச்சு, கண்ணு. இந்தப் பொட்டிக்கு ஒரு ஜன்னல் வெச்சா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஜன்னல் வெச்சா சுவருதான் தெரியும், அம்மா."

"சுவரு தெரியட்டுமே. வண்டி நகருதா நிக்குதான்னாவது தெரியும்ல?"

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சின்ன டப்பா என்றார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. வலிக்கிறதா என்று கேட்டேன். "நீ கேட்டதும்தான் தெரியுது. ஆமா, லேசா வலிக்குது" என்றார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த இரண்டு முறையும் அதே கதைதான்: பயத்தில் அவருக்கு மாத்திரை நினைவே வராது, நான் பையைப் பற்றிக் கேட்பேன், டப்பா வெளியே வரும். கதவு திறந்ததும் மெக்கானிக்கிடம் சொல்லாமல் என்னிடம், "போலாம், ரைட்" என்பார். அதுதான் எங்கள் விடைபெறல். மாட்டிக்கொள்ளாத வாரங்களிலும் வீட்டிலிருந்து ஒரு தடவை கூப்பிடுவார். ஒன்றுமில்லை, குரலைக் கேட்கலாம் என்று கூப்பிட்டேன் என்பார்.

இனி அந்தச் சேவைக்கு வருகிறேன்.

ஒரு நாள் தங்கை தன் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் எனக்கு ஏதோ நல்லது செய்யப் போகிறாள் என்று அர்த்தம்.

"உனக்கு ஐம்பத்தி மூணு ஆகுது அக்கா. இத்தனை வருஷத்துல ஒரு வாரம் லீவு போட்டிருக்கியா?"

"போட்டேனே. காய்ச்சல் வந்தப்போ."

"அப்பவும் ஃபோனைத் தலைமாட்டுல வெச்சிட்டுதானே படுத்திருந்த."

"எனக்குத்தானே காய்ச்சல், ஃபோனுக்கு இல்லையே."

அவள் சிரிக்கவில்லை. சிறு தொழில்களுக்கு வர்ச்சுவல் நம்பர் என்று ஒன்று வந்திருக்கிறது என்றாள். கருவி கிடையாது, கம்பி கிடையாது. எண் மட்டும் இருக்கும். யார் அழைத்தாலும் ஒரு பதிவுக் குரல் எடுக்கும். அவர்கள் அழுத்துகிற எண்ணைப் பொறுத்து உரியவரின் கைப்பேசிக்கு அனுப்பும். பதினான்கு நாள் சோதனைக்கு இலவசம். "நீயே பாரு. நீயே மார்க் போடு. நீ வேணாம்னு சொன்னா வேணாம். ஆனா நல்லா இருந்துதுன்னா நீ வீட்டுல காலை நீட்டி உக்காரலாம். சம்பளம் எங்கயும் போகாது." கொஞ்சம் நிறுத்தி, "ஒரே ஒரு விஷயம். மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல. லிஃப்டுல மாட்டினவங்க கூப்பிட்டா என்ன ஆகுதுங்கறதுல மட்டும் அஞ்சுக்கு அஞ்சு வரணும். அது வந்தாதான் வாங்குவோம்" என்றாள்.

தன்னை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை ஒரு மனுஷியிடமே கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேர்மையானவள் என்று என் தங்கைக்குக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன். இருபது கேள்விகள், கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். லிஃப்டில் மாட்டியவர் கூப்பிட்டால் என்ன ஆகிறது என்ற பத்தொன்பதாவது கேள்வியைச் சிவப்பு மையில் எழுதினேன்.

சேவையை விற்க வந்தவர் மிகவும் மரியாதையானவர். "மேடம், இது ஃபோனே கிடையாது. ஆனா ஃபோன் பண்ற எல்லா வேலையும் பண்ணும்" என்றார்.

"எங்க வீட்டுல ஒருத்தர் இருந்தார். ஆள்தான். ஆனா ஆள் பண்ற வேலை எதுவும் பண்ண மாட்டார்" என்றேன்.

சிரித்தார். தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைத் தூக்கிலிடக் கயிறு கொண்டுவந்தவருக்கு நானே முக்காலி எடுத்துக் கொடுத்த மாதிரி அன்று எல்லாம் கலகலப்பாக இருந்தது.

பதிவுக் குரல் யாருடையதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அவரிடம் தயாராக நான்கு குரல்கள் இருந்தன. தங்கை ஒரே போடாக, "அக்கா குரல்தான். ஜனங்களுக்குப் பழகின குரல்" என்று சொல்லிவிட்டாள். பதினோரு முறை பதிவு செய்தேன். விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும். பழுதுபார்க்க இரண்டை அழுத்தவும். லிஃப்டில் சிக்கியிருந்தால் மூன்றை அழுத்தவும். கடைசிப் பதிவைக் கேட்டபோது எனக்கே யாரோ தலையைத் தடவிக் கொடுப்பது போல இருந்தது. நான் நேரில் அவ்வளவு அன்பாகப் பேசுவதில்லை.

பதினான்கு நாட்களுக்கு எங்கள் பழைய எண்ணுக்கு வரும் அழைப்பு எல்லாம் புதிய எண்ணுக்குத் திருப்பப்பட்டது. சோதனைக் காலத்துக்கென்று ஒரு வசதி இருந்தது. நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எந்த அழைப்பையும் முதல் நொடியிலிருந்து கேட்கலாம். அழைப்பவருக்குத் தெரியாது. திரையில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் நானும் பேச்சில் சேர்ந்துகொள்ளலாம்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, அது என்னைவிட நல்ல வேலைக்காரி என்று. ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் பதில் சொன்னது. தும்மவில்லை. தன் முட்டிவலியைப் பற்றி வாடிக்கையாளரிடம் புலம்பவில்லை. யார் எப்போது கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுதிவைக்கும் கோழிக்கிறுக்கலைப் போல இல்லாமல் வரிசையாக அடுக்கிக் கொடுத்தது. நான் ஒரு மதிப்பெண்கூட அநியாயமாகக் குறைக்கவில்லை. எட்டாம் நாள் கூட்டிப் பார்த்தேன். பதினெட்டுக் கேள்விகளில் தொண்ணூறுக்கு எண்பத்து நான்கு. பள்ளியில் நான் இவ்வளவு வாங்கியதில்லை.

அந்த எட்டு நாளும் லிஃப்டில் யாரும் மாட்டவில்லை. தங்கையின் ஆட்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்பவர்கள். விற்பனைக்காரர் தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டு மூன்றை அழுத்திக் காட்டினார். உடனே என் காதில் மணி அடித்தது. "பத்தொன்பதுக்கு அஞ்சு போட்டுடலாமா, மேடம்?" என்றார். தங்கையும் தன் கைப்பேசியில் செய்து பார்த்துவிட்டு, "சூப்பரா வேலை செய்யுதே அக்கா" என்றாள். உண்மையான அழைப்பு ஒன்று வரட்டும் என்றேன். நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. லிஃப்டின் சிவப்புப் பொத்தான் கைப்பேசி இல்லை. அதன் பக்கத்தில் எண்கள் கிடையாது. மாடி எண்கள் இருக்கும். அவற்றை அழுத்தினால் தொலைபேசிக்கு ஒன்றும் போய்ச் சேராது. மூன்றை அழுத்தச் சொன்னால், உள்ளே இருப்பவர் அழுத்தக்கூடியது மூன்றாம் மாடியை மட்டும்தான். விற்பனைக்காரர் லிஃப்டில் மாட்டியதில்லை. தங்கை அந்த இரண்டு வாரமும் ஒரு புதிய கட்டட வேலையில் மூழ்கியிருந்தாள். கைப்பேசியில் வேலை செய்தது, அத்தோடு விட்டுவிட்டாள். எனக்கு இரண்டாம் நாளே உறைத்தது. படிவத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் சோதனை என்பது நடந்ததை எழுதுவது. நான் ஊகிப்பதை எழுதுவது இல்லையே.

ஒன்பதாம் நாள், பிற்பகல் இரண்டு நாற்பது. தங்கை புதிய கட்டடத்தில் இருந்தாள். மெக்கானிக்குகள் வெளியே. நான் என் நாற்காலியில். திரையில் கண்டக்டரம்மாவின் கட்டடம் வந்தது. ஹெட்செட்டைச் சரி செய்துகொண்டேன். படிவத்தை எடுத்து வைத்து, சிவப்புக் கேள்விக்கு நேராக நேரத்தைக் குறித்தேன்.

என் குரல் வணக்கம் சொன்னது.

"கண்ணு, நான்தான். மறுபடியும் மாட்டிக்கிட்டேன்."

விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும் என்றது என் குரல்.

"எனக்கு எதுக்கும்மா விற்பனை? நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது."

பழுதுபார்க்க இரண்டு. லிஃப்டில் சிக்கியிருந்தால் மூன்றை அழுத்தவும்.

"மூணா? மூணாம் மாடிக்கா? சரி, நீ சொன்னா சரி." ஒரு சின்ன 'டிக்' சத்தம். "அழுத்திட்டேன். நகரலையே."

என் குரல் மூன்று முறை எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிவிட்டு, நன்றி கூறி, இணைப்பைத் துண்டித்தது. அவர் மறுபடி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மறுபடி என் குரல் வணக்கம் சொன்னது. ஒலித் தெளிவு நன்றாக இருந்தது என்று குறித்துக்கொண்டேன். வளையல் கதவில் இடிப்பதுகூடக் கேட்டது. கதவைத் தட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் கட்டடம். அந்த நேரத்தில் ஆள் இருக்காது. அந்த இரும்புப் பெட்டிக்குள் கைப்பேசியும் எடுக்காது.

மூன்றாவது அழைப்பில், "கோவமா கண்ணு? போன வாரம் ஃபோன் பண்ணலைன்னு கோவமா? மக வந்திருந்தா, அதான்" என்றார்.

எனக்குக் கோபம் இல்லை. போன வாரம் அவர் கூப்பிடவில்லை என்பது நினைவில் இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது அழைப்பில், "நீ கேப்பியே அதைக் கேளேன். பையில என்ன இருக்குன்னு கேளேன்" என்றார்.

இங்கே என் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் இடையில் புகுந்து காப்பாற்றினால் அது யாருடைய மதிப்பெண்? பத்தொன்பதாவது கேள்வி அந்தச் சேவையைப் பற்றியது. என்னைப் பற்றியது இல்லை. தேர்வு எழுதுகிறவருக்குப் பக்கத்திலிருந்து விடையைச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் அது நல்லதில்லை.

இன்னொன்றும் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். கேட்க நன்றாக இருந்தது. பதினோரு வருடம் தொலைபேசியின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று கேட்கிற வாய்ப்புக் கிடைத்ததே இல்லை. என் கல்யாண வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பியபோது, தெருமுனை வரை காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது ஒருவர் எனக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தன் சாவு வீட்டில் ஓரமாக நின்று யார் அழுகிறார்கள் என்று எண்ணுகிற ஆளைப் போல நான் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு அழைப்பு, இன்னும் ஒன்று என்று.

பதினோராவது நிமிடத்தில் என் கைப்பேசி அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டேன். எங்கள் மூத்த மெக்கானிக். ஸ்பானர் என்று கூப்பிடுவோம்.

"இங்க வேலை முடிஞ்சுது அக்கா. அடுத்து எங்கயாவது போகணுமா?"

அவர் இருந்த இடத்திலிருந்து கண்டக்டரம்மாவின் கட்டடம் இரண்டு தெரு.

"ஒண்ணும் இல்ல. போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்க நேரம்" என்றேன்.

அதற்குள் எட்டாவது அழைப்பு தொடங்கியிருந்தது. அதன் முதல் சில நொடிகளை நான் தவறவிட்டிருக்கலாம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஹெட்செட் ஒரு காதில், கைப்பேசி மறு காதில். பழக்கம்தான்.

பத்தாவதுக்கு மேல் அவர் பேச்சு குறைந்தது. பன்னிரண்டாவதில், "மூணுதான் கண்ணு அழுத்தறேன். மூணுதான் அழுத்தறேன்" என்று மட்டும் சொன்னார், சரியாகச் செய்கிற பிள்ளை திட்டு வாங்குவது போல. பதினான்காவதில் சொல் எதுவும் இல்லை. மூச்சு மட்டும். அதன்மேல் என் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லி முடித்தது. அப்போது மூன்று இரண்டு.

இன்னொன்று வரும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு ஸ்பானரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவர் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். கண்டக்டரம்மா மூலையில் உட்கார்ந்த நிலையில் இருந்தாராம். மடியில் பை. ஜிப் திறக்கவில்லை. மாத்திரை டப்பா உள்ளே மேலாகவே இருந்தது. "ஒண்ணு புரியலக்கா. போர்டுல மூணு மட்டும் எரிஞ்சிட்டு இருந்துச்சு. அவங்க ஆறாம் மாடிதானே?"

படிவத்தில் பத்தொன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன். அடித்துத் திருத்தாமல், ஒரே இழுப்பில்.

அன்று மாலை தங்கை பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அந்தச் சேவை எதையும் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதிவிடும். அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இதுல 'உடன் கேட்டவர்'னு போட்டிருக்கு. பதினாலு தடவையும்."

"ஆமா."

"அது யாரு?"

"என் பேர்ல திறந்ததுதான்."

"கேட்டுட்டா இருந்த?"

"மார்க் போடணும்ல."

அவள் திரையை அணைத்தாள். பிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, சின்ன வயதில் நான் அவளுக்குச் செய்வது போல, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நீ சாப்பிடப் போயிருந்த. ஹெட்செட்டை மேசைமேல வெச்சிட்டுப் போயிருந்த. என்ன?"

"நான் என்னைக்குடி அப்படி..."

"அக்கா. சாப்பிடப் போயிருந்த."

இப்போது தொலைபேசி அவள் மேசைக்குப் போய்விட்டது. சேவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மணி அடித்தால் அவளே எடுக்கிறாள், நான்காவது மணிக்கு, சில சமயம் ஐந்தாவதுக்கு. பையில் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை. எதிர் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போன வாரம் கண்டக்டரம்மாவின் மகள் வந்திருந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தயாராக எழுந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எப்பவும் உங்களைப் பத்திதான் பேசுவாங்க. நீங்க அன்னைக்கு சீட்ல இருந்திருந்தா அவங்களை விட்டிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. சாப்பிடப் போறது ஒரு தப்பா? நீங்களும் மனுஷிதானே" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பத்தோரு கட்டடங்களிலும் இதைத்தானே பேசிக்கொள்வார்கள்? அந்த அக்கா சோறு முக்கியம் என்று எழுந்து போய்விட்டாளாம் என்று.

இன்னும் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அறிக்கையில் இது இல்லை, யாரும் கேட்கவில்லை. லிஃப்ட்களிலிருந்து வரும் அழைப்பு மட்டும் எதையும் அழுத்தாமல் நேராக என்னிடம் வரும்படி அந்தச் சேவையில் மாற்றிக்கொள்ளலாம். நான்கு இடத்தில் தொட்டால் போதும். எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்றாம் நாள் அதைச் செய்தேன். எங்கள் அலுவலகக் கட்டடத்து லிஃப்டில் ஏறி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நொடியில் என் கைப்பேசி அடித்தது. நான் எடுப்பதைவிட வேகம். அப்படியே விட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து. மறுபடி அறைக்கு வந்து அந்த நான்கையும் பழையபடி மாற்றினேன். ஒரு பொருளைச் சோதிக்கிறோம் என்றால் அது வந்தபடியேதானே சோதிக்க வேண்டும்? நாமே அதற்கு ஒத்தாசை செய்தால் அது சோதனை ஆகுமா? என் தங்கைக்குத் தவறான முடிவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, திருத்த வேண்டிய வரி இது. நான்காம் பக்கம், கீழிருந்து ஆறாவது: 'பணியிலிருந்த ஊழியர் உணவுக்காக இருக்கையை விட்டுச் சென்றிருந்த வேளையில், அவரது கவனக்குறைவால்.' என் தங்கை என்மேல் உள்ள பாசத்தில் சொன்னது. அவளைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் அது உண்மை இல்லை. நான் எழுந்து போகவில்லை. இரண்டு நாற்பதிலிருந்து மூன்று ஏழு வரை அந்த நாற்காலியிலேயே இருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. பதினான்கு அழைப்புகளையும் முழுதாகக் கேட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நேரத்தோடு என் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். பதினோரு வருடத்தில் என்மேல் அப்படி ஒரு புகார் வந்ததே இல்லை.